ஒரு சிட்டிகை அரிசி

எரிமலை அடிவாரத்தில், கையகல வயலை நம்பிப் பங்கிட்டு வாழும் ஜாவா கிராமங்களின் கதை

இரவு பத்தரை மணி இருக்கும். ஊர்க்காவல் கொட்டகையில் நாலைந்து ஆண்கள் கூடுகிறார்கள். மலைக்காற்றுக்குச் சாரத்தை இழுத்துத் தோளில் போர்த்திக்கொண்டு, சூடாக ஒரு தேநீர் குடிக்கிறார்கள். பிறகு, கட்டையைக் குடைந்து செய்த ‘கெந்தோங்கா’னை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, கைவிளக்கோடு தெருவில் இறங்குகிறார்கள்.

ஒவ்வொரு வீட்டு முகப்பிலும் ஆணியில் ஒரு சின்ன டப்பா தொங்குகிறது. பழைய பால் டின்னாக இருக்கும், அல்லது அறுத்தெடுத்த தண்ணீர் பாட்டிலின் அடிப்பாகமாக இருக்கும். அதற்குள் ஒரு சிட்டிகை அரிசி. வீட்டுக்காரர்கள் படுக்கப் போகுமுன் போட்டுவைத்தது. காவல்காரர்கள் அதைப் பையில் கவிழ்த்துக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போகிறார்கள். எங்காவது டப்பா காலியாக இருந்தால், மறதியா, உடம்புக்கு முடியவில்லையா என்று மறுநாள் காலையில் விசாரிக்க ஒரு காரணம் கிடைக்கிறது.

இந்த வழக்கத்துக்கு ‘ஜிம்பித்தான்’ என்று பெயர். ‘ஜிம்பித்’ என்றால் ஜாவா மொழியில் விரல்நுனியால் கிள்ளி எடுப்பது. ஒரு வீட்டுக்குச் சிட்டிகைதான். மாதம் முடியும்போது அது மூட்டையாகிவிடும். அதை விற்ற காசில் தெருவிளக்கு எரிகிறது. ஊர்ப் பொதுவுக்குப் பாயும் பந்தல் சாமானும் வாங்குகிறார்கள். நோயில் படுத்தவர் வீட்டுக்கும் கொஞ்சம் போகிறது. இப்போது பல ஊர்களில் அரிசிக்குப் பதில் நாணயம் போடுகிறார்கள். சில ஊர்களில் டப்பாவுக்குப் பக்கத்தில் க்யூஆர் குறியீடு ஒட்டி, கைப்பேசியில் கணக்குப் பார்க்கிறார்கள். கொடுப்பது மாறினாலும் வீடு வீடாக நடப்பது நிற்கவில்லை.

ஜாவா கிராமத்தின் வாழ்க்கை முழுவதும் இந்த டப்பாவின் கணக்கில்தான் ஓடுகிறது. நிலம் சிறியது. அதில் விளைவதைச் சின்னச் சின்னப் பங்குகளாக்கி, ஒரு வாசல் விடாமல் சேர்ப்பதுதான் அங்கே பிழைக்கும் வழி. அந்தப் பங்கீடு எப்படி உருவானது, எங்கே முறிந்தது, இன்று எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க, நடு ஜாவாவின் கிளாத்தன் மாவட்டத்தைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது கடினம்.

சாம்பல் தந்த மண்

யோக்யகர்த்தா, சோலோ என்ற இரண்டு பழைய அரச நகரங்களுக்கு நடுவே இருக்கிறது கிளாத்தன். மேற்கே திரும்பினால் மெராப்பி எரிமலை, ஏறக்குறைய 2,900 மீட்டர் உயரம். காலை வெளிச்சத்தில் அதன் உச்சியிலிருந்து புகை இழை கிளம்புவது நெல்வயல்களிலிருந்தே தெரியும். 2010-ல் அது வெடித்தபோது 350-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வயலும் கூரையும் சாம்பலால் மூடின. அதே சாம்பல்தான் நூற்றாண்டுகளாக இந்த மண்ணுக்குச் சத்து. மலையில் பெய்யும் மழை எரிமலைப் பாறைகளுக்குள் இறங்கி, அடிவாரத்தில் ‘உம்புல்’ எனப்படும் ஊற்றுகளாகப் பொங்குகிறது. கோடையிலும் வற்றாத ஊற்றுகள் அவை. மண்ணும் தண்ணீரும் இப்படிச் சேர்ந்த இடத்தில் ஆண்டுக்கு இரண்டு போகம் சாதாரணம், மூன்று போகமும் உண்டு.

இப்படிப்பட்ட மண்ணில் மனிதர்கள் பெருகாமல் இருப்பார்களா? 2020 கணக்கெடுப்பின்படி ஜாவாவில் 15 கோடிக்கும் மேற்பட்டவர்கள் வாழ்கிறார்கள். இந்தோனேசியாவின் நிலப்பரப்பில் ஜாவாவின் பங்கு ஏறக்குறைய 7 சதவீதம்தான்; மக்களில் 56 சதவீதம் பேர் அந்தத் தீவில் இருக்கிறார்கள். டச்சு அரசு 1905-லேயே நடு ஜாவாவிலிருந்து 155 குடும்பங்களைச் சுமத்ராவின் லாம்புங்குக்கு அழைத்துப்போய்க் குடியேற்றியது. அன்று தொடங்கிய குடியேற்றத் திட்டம் சுதந்திரத்துக்குப் பிறகும் பல்லாண்டுகள் நடந்தது. ஜாவாவின் நெருக்கடி குறையவில்லை.

விளைவை வரப்பில் நின்றாலே பார்க்கலாம். 1960-ல் வந்த நிலச் சட்டம், ஒரு விவசாயக் குடும்பத்துக்குக் குறைந்தது 2 ஹெக்டேராவது இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டது. இன்று அரை ஹெக்டேருக்கும், அதாவது ஏறக்குறைய ஒன்றேகால் ஏக்கருக்கும், குறைவாக வைத்திருப்பவர்களை ‘பெத்தானி குரெம்’ என்கிறார்கள். ‘குரெம்’ என்பது கோழிச்செள். கண்ணுக்கு எட்டாத அளவு சிறிய விவசாயி என்று பொருள். 2013 விவசாயக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் இப்படி 1.42 கோடிக் குடும்பங்கள் இருந்தன. 2023-ல் அது 1.68 கோடியைத் தாண்டிவிட்டது.

முற்றமும் அடுப்படியும்

வயல் சிறியது என்பதால் வீட்டைச் சுற்றியுள்ள ஒரு சாண் நிலத்தையும் சும்மா விடுவதில்லை. ‘பெக்காராங்கான்’ எனப்படும் அந்தத் தோட்டத்தில் உயரத்தில் தென்னை, அதற்குக் கீழே பலாவும் வாழையும், அதற்கும் கீழே மரவள்ளி, நிழலில் இஞ்சியும் மஞ்சளும் அரத்தையும். வெளியிலிருந்து பார்த்தால் ஊரே தெரியாது; வயலுக்கு நடுவே ஒரு தோப்பு நிற்பதுபோல இருக்கும். முற்றத்து மாமரத்தை ஜாவாக்காரர்கள் ‘பெலெம்’ என்கிறார்கள். மலாய் மொழியில் ‘மெம்பெலாம்’. கடல் கடந்து போன நம் மாம்பழம்தான் அது.

விடிந்ததும் முதல் ஓசை ஈர்க்குமாற்றின் ஓசை. மண் முற்றத்தைக் கோடு விழுமாறு பெருக்கிவிட்டுத்தான் பெண்கள் அடுப்படிக்குப் போவார்கள். பழைய வீடுகளில் நான்கு தூண்கள் தாங்கும் உயர்ந்த ‘ஜொக்லோ’க் கூரை இருக்கும். வீட்டின் உட்பகுதியில் மூன்று அறைகள். நடு அறை யாரும் படுக்காத அறை. அது நெல்லுக்குரிய ‘டேவி ஸ்ரீ’யின் இடம். கிராமத்தில் அவளை ‘மோக் ஸ்ரீ’ என்று தாயை அழைப்பதுபோல அழைக்கிறார்கள். ஊரில் பெரும்பாலோர் இஸ்லாமியர்கள். ஐந்து வேளைத் தொழுகையும் நடக்கிறது, அறுவடைக்கு முன் வரப்பில் மோக் ஸ்ரீக்குச் சோறும் கோழியும் வைத்து ‘விவித்தான்’ சடங்கும் நடக்கிறது. சடங்கு முடிந்ததும் அந்தச் சோற்றை வயலுக்கு வந்த பிள்ளைகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்துவிடுகிறார்கள்.

நெல்லோடு பழகிய மொழிக்கு ஒரே சொல் போதாது என்பது நமக்குத் தெரிந்ததுதான். வயலில் நிற்பது ‘பாரி’, களத்தில் குவிந்தது ‘கபா’, உமி நீங்கியது ‘பெராஸ்’, நொய் ‘மெனிர்’, தவிடு ‘காத்துல்’, சோறு ‘செகோ’. அந்தச் சோறும் பெரியவர் முன்னால் ‘செகுல்’ ஆகிவிடும். ஜாவா மொழியில் ‘ங்கோகோ’ என்பது சமவயதினர் பேச்சு. ‘க்ரோமோ’ மரியாதைப் பேச்சு. தோழனிடம் சாப்பாட்டைக் கேட்க ‘மாங்கான்’. மூத்தவர் சாப்பிடுவதைச் சொல்ல ‘டாஹார்’. வாசலில் நின்று ‘குலோ நுவுன்’ என்று குரல் கொடுக்காமல் அடுத்த வீட்டுக்குள் யாரும் கால் வைப்பதில்லை.

ஐந்து நாள் வாரம், பன்னிரண்டு பருவம்

இந்த ஊர்களில் இரண்டு வாரங்கள் ஒன்றாக ஓடுகின்றன. ஒன்று ஏழு நாள் வாரம். இன்னொன்று லெகி, பாகிங், போன், வாகே, க்லிவோன் என்ற ஐந்து நாள் வாரம். சந்தைகள் இந்த ஐந்து நாள் கணக்கில் ஊருக்கு ஊர் சுழன்றன. பாசார் லெகி, பாசார் க்லிவோன் என்று இன்றும் சந்தைகளின் பெயரிலேயே அந்தக் கிழமை ஒட்டியிருக்கிறது. இரண்டு வாரங்களும் சேர்ந்து 35 நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்துக்குத் திரும்பும். பிறந்த கிழமையின் இந்தச் சேர்க்கைக்கு ‘வெத்தோன்’ என்று பெயர். பெண் பார்ப்பதும் வீடு மாறுவதும் இன்னமும் பல குடும்பங்களில் வெத்தோன் பார்த்தபிறகுதான்.

உழவுக்கு இன்னொரு நாள்காட்டி. ‘ப்ரனோத்தோ மொங்சோ’ எனப்படும் அது ஆண்டைப் பன்னிரண்டு பருவங்களாகப் பிரிக்கிறது. ஜூன் 22-ல் தொடங்கும் முதல் பருவத்துக்கு 41 நாள், இரண்டாவதற்கு 23 நாள் என ஒவ்வொன்றுக்கும் ஒரு நீளம். சோலோ அரசர் ஏழாம் பாக்குபுவோனோ 1855-ல் இதை முறைப்படுத்தினார். எந்த மரம் இலை உதிர்க்கிறது, எப்போது ஈசல் வருகிறது, எந்தப் பூச்சி கத்துகிறது என்று பார்த்து, விதைக்கவும் நடவும் நாள் குறிக்கும் ஏடு அது. கடைசி இரு பருவங்களின் பெயர்கள் டெஸ்தா, சாடா. ஜ்யேஷ்ட, ஆஷாட என்ற இந்திய மாதப் பெயர்கள் ஜாவா நாவில் உருண்டு வந்த வடிவங்கள்.

வானம் இப்போது அந்த ஏட்டின்படி நடப்பதில்லை. நவம்பரில் வரவேண்டிய மழை தள்ளிப்போகிறது, நிற்கவேண்டிய மாதத்தில் கொட்டுகிறது. மேற்கு ஜாவாவின் இந்த்ரமாயுவில் விவசாயிகள் வயலில் மழைமானி நட்டு, தினமும் காலையில் அளந்து எழுதுகிறார்கள். இந்தோனேசியப் பல்கலைக்கழகத்தின் மானிடவியலாளர் யூனிதா வினார்த்தோவும் அவருடைய குழுவும் அவர்களோடு உட்கார்ந்து அந்தக் குறிப்புகளை அலசி, அடுத்த போகத்துக்கு என்ன விதைக்கலாம் என்று பேசுகிறார்கள்.

உள்ளங்கைக் கத்தி போன காலம்

முன்பெல்லாம் நெல் அறுத்தவர்கள் பெண்கள். உள்ளங்கைக்குள் மறைந்துவிடும் ‘அனி-அனி’ என்ற சிறு கத்தியால் கதிரை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுப்பார்கள். கத்தியைக் கண்டால் மோக் ஸ்ரீ மிரள்வாள் என்பது நம்பிக்கை. அறுவடைக்கு யார் வந்தாலும் வேண்டாமென்று சொல்வது முறையல்ல. அறுத்ததில் ஒரு பங்கை நெல்லாகவே எடுத்துக்கொண்டு போவார்கள். அந்தப் பங்குதான் ‘பாவோன்’. நிலமில்லாத வீட்டுப் பெண்ணுக்கு ஆண்டுச் சோற்றில் பெரும்பகுதி இதிலிருந்து வந்தது.

பிறகு புதிய நெல் வந்தது. நம் வயல்களிலும் விளைந்த ஐஆர்8-ன் பெற்றோர் ரகங்களில் ஒன்றான ‘பேத்தா’ ஜாவாவில் உருவான நெல். அதன் பிள்ளைகள் 1960-களின் கடைசியில் குட்டைப் பயிராக ஜாவாவுக்கே திரும்பிவந்தன. குட்டைப் பயிரை அரிவாளால் அறுப்பதுதான் எளிது. நில உடைமையாளர்கள் வயலில் நிற்கும் பயிரையே வியாபாரிக்கு விற்கும் ‘தெபாசான்’ முறைக்கு மாறினார்கள். வியாபாரி சில ஆண்களை மட்டும் அரிவாளோடு கூட்டிவந்தார். அதே ஆண்டுகளில் ஊருக்கு ஊர் அரவை இயந்திரம் வந்து, உலக்கை பிடித்த பெண்களின் கூலியும் போயிற்று. உரலில் மாற்றி மாற்றி உலக்கை போடும் தாளம் ‘கெஜோக் லெசுங்’ என்ற மேடைக் கலையாகப் பிழைத்திருக்கிறது.

விளைச்சல் பெருகியது உண்மை. 1984-ல் இந்தோனேசியா அரிசியில் தன்னிறைவு கண்டது. கூடவே புகையான் பூச்சியும் பெருகியது. மருந்து அடிக்க அடிக்க, அதைத் தின்னும் சிலந்திகள் செத்தன; பூச்சி இன்னும் அதிகமாக வந்தது. 1986-ல் அரசு நெல்லுக்கு அடிக்கும் 57 வகை மருந்துகளைத் தடைசெய்தது. 1989-லிருந்து ‘வயல் பள்ளிகள்’ தொடங்கின. விவசாயிகள் வாரம் ஒருநாள் வரப்பில் கூடி, தூருக்கு எத்தனை புகையான், எத்தனை சிலந்தி என்று எண்ணிப் பார்த்து முடிவெடுக்கக் கற்றார்கள்.

பாடம் மறந்தபோது பூச்சி திரும்பி வந்தது. 2010, 2011-ல் கிளாத்தன் வயல்களைப் புகையான் வாட்டியது. இடைவெளி இல்லாமல் ஆண்டு முழுவதும் நெல், ஒருவர் அறுக்கும்போது பக்கத்து வயலில் நாற்று. பூச்சிக்குப் பந்தி ஓயவே இல்லை. ஒரே சமயத்தில் நட்டு ஒரே சமயத்தில் அறுத்தால்தான் அதைப் பட்டினி போட முடியும். கால்வாய்த் தண்ணீரை முறைவைத்துத் திறந்துவிடும் ‘உலு-உலு’ என்ற ஊர் அலுவலரின் சொல்லுக்கு மதிப்பு இங்கேதான். தண்ணீரும் பூச்சியும் வேலி பார்ப்பதில்லை. அரை ஏக்கர்க்காரர் தனியாக எதையும் சாதிக்க முடியாது.

பாயில் உட்காரும் ஊர்

ஒரு வீட்டில் குழந்தை பிறந்தால், பிள்ளைக்குச் சுன்னத் என்றால், யாராவது இறந்தால், மாலைத் தொழுகைக்குப் பிறகு சுற்றுவட்ட ஆண்கள் அனைவரும் அந்த வீட்டுப் பாயில் சம்மணமிட்டு உட்காருவார்கள். நடுவில் கூம்பு வடிவில் குவித்த சோறு, முழுக்கோழி, காய்கறி. வீட்டுக்காரர் மரியாதை மொழியில் வந்த காரணம் சொல்வார். ‘மோதின்’ அரபியில் துவா ஓதுவார். எல்லோரும் நாலு வாய் உண்டு, மீதியை இலையில் கட்டி வீட்டுக்கு எடுத்துப்போவார்கள். ‘ஸ்லாமெத்தான்’ என்ற இந்த விருந்தின் உயிர் அந்தப் பொட்டலத்தில்தான் இருக்கிறது. அதன் பெயர் ‘பெர்கத்’. வராத பாட்டிக்கும் தூங்கிவிட்ட பிள்ளைக்கும் அதில் பங்குண்டு. இறந்தவருக்கு 3, 7, 40, 100-ஆம் நாட்களிலும், கடைசியாக 1000-ஆம் நாளிலும் இது நடக்கும்.

சமையலுக்கு முந்தைய நாளே பெண்கள் கத்தியும் பலகையுமாக வந்துவிடுவார்கள். கையில் அரிசியோ சர்க்கரையோ இருக்கும். யார் என்ன கொண்டுவந்தார் என்று மொய் நோட்டுப் போல எழுதிவைப்பதும் உண்டு. நாளை அவர்கள் வீட்டு விசேஷத்தில் அது திரும்பும்.

அமெரிக்க மானிடவியலாளர் கிளிஃபோர்ட் கீர்ட்ஸ் 1950-களில் கிழக்கு ஜாவாவின் பாரே நகரில் தங்கி இதையெல்லாம் ஆராய்ந்தார். 1963-ல் வந்த புத்தகத்தில் ஜாவாக்காரர்கள் வறுமையைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள் என்று எழுதினார். எல்லோரும் சமமாக ஏழையாக இருக்கவில்லை, நிலமுள்ளவருக்கும் இல்லாதவருக்கும் இடையே ஆழமான பள்ளம் இருந்தது என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் மறுத்தார்கள்.

மறுத்தவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. அதற்குக் கிளாத்தனே சாட்சி. 1960 நிலச் சட்டம் காகிதத்தில் தூங்கியபோது, 1964-ல் இடதுசாரி விவசாய சங்கத்தினர் இங்கே தாமாகவே நிலத்தில் இறங்கினார்கள். அடுத்த ஆண்டு அரசியல் தலைகீழானது. 1965-66-ல் ஜாவா முழுவதும் கம்யூனிஸ்ட் என்று குறிக்கப்பட்டவர்கள் லட்சக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். கிளாத்தன் கிராமங்களும் தப்பவில்லை. பல இடங்களில் ஒரே பாயில் உட்கார்ந்தவர்களே ஒருவரையொருவர் காட்டிக்கொடுத்தார்கள். நீண்ட காலம் இதைப் பற்றி வெளியே பேசவே பயந்தார்கள்.

அந்த முறிவைத் தாண்டியும் பங்கிடும் பழக்கம் வேறு நாளில் ஊரைத் தாங்கியது. 2006 மே 27, காலை ஆறு மணிக்குச் சற்று முன்னால், யோக்யகர்த்தாவுக்குத் தெற்கே நிலம் நடுங்கியது. 5,700-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பன்துல், கிளாத்தன் மாவட்டங்களின் கிராமங்கள் அதிகம் சிதைந்தன. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் தரைமட்டமாயின. மீட்புப் பணத்தை அரசு கொடுத்தது; இடிபாட்டைத் தள்ளி, உருப்படியான ஓட்டையும் மரத்தையும் பொறுக்கி, இன்று உன் வீடு, நாளை என் வீடு என்று எழுப்பியவர்கள் அந்தந்தத் தெருக்காரர்கள். ‘கோத்தோங் ரோயோங்’ என்பார்கள் இதை. 2020 கொரோனாவில் நடு ஜாவா மாகாண அரசு, பக்கத்து வீட்டைக் காப்போம் என்ற பொருளில் ‘ஜோகோ தொங்கோ’ என்று தெருவாரித் திட்டம் வகுத்தபோது, அதற்கான ஆட்கள் ஏற்கெனவே தெருவில் இருந்தார்கள்.

போகிறவர்களும் திரும்புகிறவர்களும்

கையகல வயல் எல்லோருக்கும் சோறு போடாது. கிளாத்தனின் தெற்கே வறண்ட பாயாத் பகுதியில் ங்கெராங்கான் என்றொரு ஊர். அங்கிருந்து சோலோவுக்குப் பிழைக்கப் போனவர்கள் தோளில் காவடிபோலக் கூடை சுமந்து சோறும் தேநீரும் விற்றார்கள். இன்று ஜாவா முழுவதும் இரவில் கரியடுப்புக் கனலும் ‘அங்க்ரிங்கான்’ வண்டிக்கடைகளின் பிறப்பிடம் தங்கள் ஊர்தான் என்கிறார்கள் ங்கெராங்கான்காரர்கள். பூனைக்குப் போதும் அளவு என்பதால் ‘செகோ குச்சிங்’, பூனைச்சோறு, என்று பெயர்பெற்ற அந்தக் கைப்பிடிப் பொட்டலம் நகரத்து மாணவர்களையும் ரிக்‌ஷாக்காரர்களையும் பசியாற்றிவருகிறது.

போன்கோக் கிராமத்தில் வேறு கதை. துணி துவைக்கவும் மீன் வளர்க்கவும் பயன்பட்ட ஊற்றுக்குளம் ஒன்று அங்கே இருந்தது. 2009-ல் ஊராட்சியே ‘தீர்த்தா மண்டிரி’ என்ற நிறுவனத்தைத் தொடங்கி, அந்தத் தெளிந்த நீருக்குள் மூழ்கிப் படம் எடுக்கும் சுற்றுலாவை வளர்த்தது. ஏழை ஊர் என்று பட்டியலில் இருந்த போன்கோக்குக்கு இன்று பிற ஊர்த் தலைவர்கள் பாடம் கேட்க வருகிறார்கள். 2014-ன் கிராமச் சட்டம் வந்தபிறகு, 2015 முதல் நாட்டின் 74,000-க்கும் மேற்பட்ட கிராமங்களுக்கு மத்திய அரசின் நிதி நேரடியாகப் போகிறது.

டெலாங்கு பகுதியின் பெருமை ‘ரோஜோலெலே’ என்ற மணமுள்ள அரிசி. ஆளுயரம் வளரும், காற்றில் சாயும், அறுவடைக்கு ஐந்து மாதம் எடுக்கும். அதனால் விவசாயிகள் மெல்ல அதைக் கைவிட்டார்கள். கிளாத்தன் மாவட்ட நிர்வாகமும் இந்தோனேசிய அணுசக்தி முகமையும் சேர்ந்து, விதையைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தித் தேர்ந்தெடுத்து, குட்டையான, நான்கு மாதத்தில் விளையும் ஸ்ரீநூக், ஸ்ரீநார் என்ற இரண்டு ரகங்களை உருவாக்கின. டெலாங்குவின் காய்போன் குடியிருப்பில் இளைஞர்கள் மோக் ஸ்ரீக்கு ஆண்டுதோறும் விழா எடுத்து, நெல்லைப் பற்றிப் பேசவும் பாடவும் ஊரைக் கூட்டுகிறார்கள்.

2024-ல் கர்த்தசூராவையும் கிளாத்தனையும் இணைக்கும் விரைவுச்சாலை திறந்தது. இருபது கிலோமீட்டருக்கும் மேல், பெரும்பாலும் நெல்வயல்களின் மேலாக. நிலம் கொடுத்தவர்கள் இழப்பீட்டில் வீடு கட்டினார்கள், வண்டி வாங்கினார்கள், சிலர் தொலைவில் வேறு வயல் தேடினார்கள். குத்தகைக்கு உழுதவருக்கு உழ நிலம் இல்லாமல் போயிற்று.

அறுவடைக்கு இப்போது பெரிய இயந்திரம் வருகிறது. காலையில் இறங்கினால் வெயில் ஏறுமுன் முடித்துவிடும். அதன் சக்கரம் திரும்பமுடியாத வரப்போரத்திலும் வயல்மூலையிலும் கொஞ்சம் கதிர் நின்றுவிடும். இயந்திரம் அடுத்த வயலுக்கு நகர்ந்ததும், பனையோலைத் தொப்பியும் சாக்குமாக வயதான பெண்கள் சிலர் இறங்குகிறார்கள். சிந்திய மணியையும் விடுபட்ட கதிரையும் பொறுக்குவதற்கு ‘ங்காசாக்’ என்று பெயர். யாரும் அவர்களைத் தடுப்பதில்லை. வியாபாரி தராசைக் கட்டுகிறார், வண்டி கிளம்புகிறது. அவர்கள் குனிந்தபடியே மூலைக்கு மூலை போகிறார்கள். நண்பகலுக்குள் சாக்கு பாதி நிறைந்துவிட்டால், வரப்பிலேயே பலகை போட்டுக் கதிரை அடித்து, முறத்தில் புடைத்து, வீட்டு முற்றத்தில் பெருக்கிவைத்த இடத்தில் காயப்போடுகிறார்கள்.